பொதுப் பிரச்சினைக்கு ஒரு மாநிலம் சட்டம் போடலாமா?

அன்புள்ள ஐயா,

பெட்ரோலில் மட்டும் ஓடும் புதிய கார்களின் விற்பனையை 2035-ல் நிறுத்தும் கலிபோர்னியாவின் விதியை அமெரிக்க நாடாளுமன்றம் முடக்கியதை ‘மாநில உரிமைக்கு விழுந்த அடி’ என்று எழுதியிருந்தீர்கள். நானும் மாநில சுயாட்சி பேசுகிறவன்தான். ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. கரியமில வாயு லாஸ் ஏஞ்சலஸில் கிளம்பினாலும் டெக்சாஸில் கிளம்பினாலும் ஒரே வானத்துக்குத்தான் போகிறது. ஒரு மாநிலம் மட்டும் குறைத்து என்ன ஆகிவிடும்? இது ஒன்றிய அரசின் வேலை இல்லையா? வாகன உதிரிபாகத் தொழிலில் இருக்கிறேன். ஊருக்கு ஒரு விதி வந்தால் செய்து கொடுக்கிறவன் படும் பாடு எனக்குத் தெரியும்.

ர., கோயம்புத்தூர்

அன்புள்ள ர.,

தொழில் சம்பந்தமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஊருக்கு ஒரு விதி வர வாய்ப்பில்லை. வாகனப் புகைக்குச் சட்டப்படி இரண்டே விதிகள்தான் இருக்க முடியும்: வாஷிங்டனுடையது ஒன்று, கலிபோர்னியாவுடையது ஒன்று. மற்ற மாநிலங்கள் சொந்தமாக எழுத முடியாது. வேண்டுமென்றால் கலிபோர்னியா விதியை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம். 1977-ல் வந்த திருத்தம் இது. மூன்றாவது வகைக் கார் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லி யாரும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதினார்கள். நியூயார்க், மாசசூசெட்ஸ், ஓரிகன் எல்லாம் தாமாக முன்வந்து எடுத்துக்கொண்ட மாநிலங்கள். கலிபோர்னியா பெரிய சந்தை, அதற்கென்று ஒரு கனம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

உங்களுடைய பெரிய கேள்விக்கு வருகிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நாள் புகை கவிந்து எல்லோருக்கும் கண் எரிந்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்றே பலர் நினைத்தார்கள். உண்மைக் காரணம் தெரியவரப் பல வருஷம் ஆனது. ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் அன்னாசிப் பழத்தின் மணம் எதிலிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு நகரத்துக் காற்றை ஆராய்ந்தார். காரிலிருந்து வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகி அந்தப் புகைமூட்டத்தை உண்டாக்குகின்றன என்று காட்டினார். சுற்றிலும் மலை, மேலே மூடி போட்டதுபோல வெப்பக் காற்று. புகை வெளியே போக வழியில்லை.

நாட்டிலேயே முதன்முதலாக வாகனப் புகைக்கு அளவு வைத்த மாநிலம் கலிபோர்னியாதான். 1967-ல் ஒன்றிய அரசு நாடு முழுவதற்கும் தானே விதி வகுப்பதாகச் சட்டம் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே முன்னால் போய்விட்ட இந்த மாநிலத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. ஒன்றிய விதியைவிடக் கடுமையான விதி வேண்டுமா, அனுமதி கேள், தருகிறோம் என்பதுதான் ஏற்பாடு. அதற்காக அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையில் போராடிய ஜார்ஜ் மர்ஃபி, டிரம்பின் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர். அதே வருஷம் கலிபோர்னியா காற்று வள வாரியத்தை உருவாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரேகனும் அதே கட்சிதான். வாரியத்தின் முதல் தலைவர் அன்னாசிப் பழத்தை விட்டு வந்த ஹாகன்-ஸ்மிட்.

இந்த ஏற்பாட்டில் கரியமில வாயு நுழைந்தது 2002-ல். கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் ஃபிரான் பேவ்லி கொண்டுவந்த சட்டத்தின்படி, புதிய வாகனங்களின் பசுமைக்குடில் வாயுக்களை (கரியமில வாயு போன்று பூமியைச் சூடாக்குபவை) 2016-க்குள் சுமார் 30 சதவீதம் குறைக்க வாரியம் விதி எழுதியது. 2005 டிசம்பரில் அனுமதி கேட்டார்கள். இரண்டு வருஷம் பதில் இல்லை. 2007 டிசம்பர் 19 அன்று ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் ஸ்டீஃபன் ஜான்சன் முடியாது என்றார். அவர் சொன்ன காரணம் ஏறக்குறைய உங்கள் கடிதத்தில் இருப்பதுதான்: புகைமூட்டம் உங்கள் ஊர்ப் பிரச்சினை, இது உலகப் பிரச்சினை. முகமையின் சொந்த அலுவலர்களே அனுமதி தரலாம் என்றுதான் ஆலோசனை சொல்லியிருந்தார்கள் என்பது அப்புறம் வெளியே வந்தது.

இந்த வாதம் வலுவில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைவிட வலுவான வாதம் ஒன்று எதிர்த்தரப்பில் இருக்கிறது. தொழில் தெரிந்த உங்களுக்கு அது சட்டென்று பிடிபடும். புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யப் பொருத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றும், கரியமில வாயுவை ஒன்றும் செய்யாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வந்தே தீரும். பெட்ரோல் வண்டியில் அதைக் குறைக்க வேண்டுமானால் பெரும்பாலும் மைலேஜைத்தான் கூட்ட வேண்டும். மைலேஜுக்கு விதி போடும் அதிகாரமோ 1975-ன் சட்டப்படி ஒன்றிய அரசுக்கு மட்டுமே. ஆக, இது வேறு சட்டை போட்டுக்கொண்ட மைலேஜ் விதிதான் என்று கார் கம்பெனிகள் வழக்குப் போட்டன. வெர்மான்ட்டிலும் கலிபோர்னியாவிலும் 2007-ல் ஒன்றிய நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. மைலேஜ் சட்டம் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளைச் சேமிக்க வந்தது. காற்றுச் சட்டம் மனிதர்களின் உடல்நலத்துக்காக வந்தது. இரண்டும் ஒரே எஞ்சினைத் தொடுகின்றன என்பதற்காக ஒன்று இன்னொன்றை விழுங்கிவிட முடியாது.

ஒரு மாநிலம் குறைத்து என்ன ஆகிவிடும் என்று கேட்கிறீர்கள். 2007 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதற்குப் பதில் சொன்னது. பசுமைக்குடில் வாயுக்களும் காற்று மாசுதான் என்று அறிவித்த தீர்ப்பு அது. முழுப் பிரச்சினையும் ஒரே அடியில் தீராது என்பது ஒரு பகுதியைக் குறைக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது என்றார்கள். அந்த வழக்கில் குறைத்து என்ன பயன் என்று கேட்டது ஒன்றிய அரசு என்பதைக் கவனியுங்கள். தனித்து ஒரு நாடு குறைத்தால் போதாது என்று வாஷிங்டனும் சொல்லலாம், டெல்லியும் சொல்லலாம், பெய்ஜிங்கும் சொல்லலாம். கலிபோர்னியாவுக்குச் சொந்த நஷ்டமும் இருக்கிறது. வெயில் ஏற ஏற ஓசோன் அதிகமாகும். சியெரா நெவாடா மலைப்பனிதான் அவர்களுக்கு ஏரி மாதிரி. அது முன்கூட்டியே உருகி ஓடிவிட்டால் கோடையில் வயலுக்குத் தண்ணீர் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஆட்சிக்கு ஆட்சி மாறிய கதை. 2009-ல் ஒபாமா அரசு அனுமதி தந்தது. 2019-ல் டிரம்ப் அரசு பறித்தது. ஃபோர்டு, ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ நான்கும் அந்த வருஷமே கலிபோர்னியாவோடு தனியாக உடன்பாடு கண்டன. அடிக்கடி மாறும் விதியைவிடக் கடுமையான விதியே மேல் என்று அவை நினைத்திருக்க வேண்டும். 2022-ல் பைடன் அரசு அனுமதியைத் திருப்பித் தந்தது. நீங்கள் குறிப்பிடும் 2035 விதிக்கு 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

2025-ல் நடந்ததை நான் அடி என்று சொன்னதற்குக் காரணம் அது நடந்த விதம். ஒன்றிய முகமைகளின் விதிகளைச் சாதாரணப் பெரும்பான்மையில் ரத்து செய்ய 1996-ல் ஒரு சட்டம் வந்தது. கலிபோர்னியாவுக்குத் தந்த அனுமதி ‘விதி’ என்ற வரையறைக்குள் வராது என்று நாடாளுமன்றத்தின் சொந்தத் தணிக்கை அமைப்பு சொன்னது. மேலவையின் நடைமுறை அதிகாரியும் அதையே சொன்னார். அதையும் மீறி மே 22 அன்று 51-க்கு 44 வாக்கில் நிறைவேற்றினார்கள். ஜூன் 12 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். அன்றே கலிபோர்னியாவும் வேறு பத்து மாநிலங்களும் நீதிமன்றம் போயின. இந்த வழியில் ஒன்றை ரத்து செய்தால் அதே மாதிரியான இன்னொன்றைப் புதுச் சட்டம் இல்லாமல் கொண்டுவர முடியாது. முன்பெல்லாம் அடுத்த ஆட்சி வந்தால் கதவு திறக்கும். இந்த முறை கதவுக்கு மேல் சுவரே எழுப்பிவிட்டார்கள்.

ஒன்றிய அரசின் வேலை என்கிறீர்கள். சரி. ஆனால் பசுமைக்குடில் வாயுக்களால் மக்கள் நலத்துக்கு ஆபத்து என்று 2009-ல் எடுத்த முடிவையே திரும்பப் பெறப்போவதாக அதே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஜூலையில் அறிவித்தது. வாகனங்களின் பசுமைக்குடில் வாயுக்களுக்கான ஒன்றிய விதிகள் நின்றதே அந்த முடிவின் மேல்தான். இந்த வேலை தன்னுடையதில்லை என்கிற அரசு, அதைச் செய்கிற மாநிலத்தையும் தடுக்கிறது. இதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2035 என்ற கெடு நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தால் நானும் தயங்கித்தான் பதில் சொல்லியிருப்பேன். எலெக்ட்ரிக் காரின் விலை, வாடகை வீட்டுக்காரர்கள் சார்ஜ் போடும் வசதி எல்லாம் அங்கேயும் பிரச்சினைதான். அந்தக் கெடுவைத் தள்ளிப்போடுவதும் மாற்றுவதும் கலிபோர்னியா மக்கள் பேசி முடிவுசெய்ய வேண்டிய விஷயம்.

உங்களிடம் ஒன்று கேட்க ஆசை. நம் நாட்டில் வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதிகளில் ஐந்தை விட்டுவிட்டு நான்கிலிருந்து நேராக ஆறுக்கு 2020 ஏப்ரலில் தாவினோம். அந்த மாதங்களில் உங்கள் பட்டறையில் என்னவெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது, யாருக்கு வேலை போனது, யாருக்குக் கிடைத்தது? நேரம் இருக்கும்போது விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்