கேனிலிருந்து டியூப் வழியாக பெட்ரோல் தானாக இறங்குவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றும்போது எழும் கேள்வி இது. இந்த முறைக்கு சைஃபன் என்று பெயர்.

கொடியில் போட்ட வழுக்கும் சேலையைப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமாகத் தொங்கினால் மறுபக்கத்தையும் இழுத்துக்கொண்டு சரியும். டியூப்பில் நிறைந்த பெட்ரோலும் அப்படித்தான். வெளியே தொங்கும் நீளமான பகுதியின் எடை இழுக்கிறது, கேனுக்குள் காற்றழுத்தம் பின்னாலிருந்து தள்ளுகிறது.

அதனால் கேனை பெஞ்சு மேல் வையுங்கள், டேங்க் கீழே இருக்கட்டும். எஞ்சின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். ரப்பர் குமிழ் உள்ள கைப்பம்பில் அம்புக்குறி டேங்க் பக்கம் பார்க்க, ஓட்டம் பிடிக்கும்வரை அமுக்கினால் போதும். வாயால் உறிஞ்சவே கூடாது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே ஆபத்து.

பாதியில் நின்றுவிட்டதா? கேனின் காற்றுத் துளை மூடியிருக்கும் (பிளாஸ்டிக் கேன் ஒடுங்குவதே அடையாளம்), அல்லது டியூப் முனை பெட்ரோலுக்கு மேலே வந்திருக்கும். நிறுத்த, டியூப்பின் வெளிமுனையைக் கேனின் எண்ணெய் மட்டத்துக்கு மேல் தூக்குங்கள்.

சைஃபன் எண்ணெயை மேலேற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. டேங்க் உயரத்தில் இருந்தால் கடைசிவரை பம்பைத்தான் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.