இடப்பக்கம் வேலை செய்யவில்லையா? எதிர்ப்பக்க ஸ்விட்சைப் பாருங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் பத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒன்றுமே நடப்பதில்லை. மற்ற மூன்று திசையும் சரியாக இருக்கிறது. அடியில் திறந்து இடப்பக்க ஸ்விட்சை மாற்றியும் பார்த்துவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது. முழு ஜாய்ஸ்டிக்கையும் மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். அநேகமாக நீங்கள் மாற்றியது நல்ல ஸ்விட்சை. பெரும்பாலான ஆர்கேட் ஜாய்ஸ்டிக்குகளில் தண்டு நடுவில் ஒரு குமிழில் திரும்புகிறது, ஸ்விட்சுகள் அதற்குக் கீழே இருக்கின்றன; மேலே கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் கீழ்முனை வலப்பக்கம் போய் அங்கே இருக்கிற ஸ்விட்சைத்தான் அழுத்தும். போதாததற்கு, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கும்போது இடவலம் இன்னொரு தடவை மாறிவிடும். அதனால் ஊகிக்காமல், தண்டை மெதுவாகத் தள்ளி எந்த ஸ்விட்ச் 'க்ளிக்' என்கிறது என்று கண்ணால் பார்த்து, அதில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்.

அடுத்து யூஎஸ்பி வயரைப் பிடுங்கிவிடுங்கள். பழைய ஆர்கேட் பெட்டி என்றால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பிக்சர் டியூப் பக்கம் கை போகக்கூடாது, அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஸ்விட்சில் மூன்று கால்கள் இருக்கும்: காம் (பொதுவான கால்), என்.ஓ. (அழுத்தினால் மட்டும் காமோடு சேரும்), என்.சி. (அழுத்தாதபோது காமோடு சேர்ந்திருக்கும்). நமக்கு வேண்டியது காமும் என்.ஓ.வும்தான். மறதியாக என்.சி.யில் வயரைச் செருகினால் யாரும் தொடாமலே திரையில் ஆள் தானாக நடந்து போவான். நானே ஒரு தடவை அப்படிச் செருகிவிட்டு போர்டு கெட்டுப்போச்சு என்று அரை நாள் தேடினேன்.

என்.ஓ. வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் நிலையில் (இரு முனைக்கும் இடையே இணைப்பு இருந்தால் சத்தம் தருவது) வைத்து அந்த இரண்டு கால்களில் பிடித்து, ஸ்விட்சை விரலால் மெதுவாக இருபது தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு 'க்ளிக்'குக்கும் பீப் வர வேண்டும். ஓம் நிலையில் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: நல்ல ஸ்விட்ச் ஒரு ஓமுக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும், கெட்டது அழுத்தும்போதெல்லாம் வேறு வேறு எண்ணைக் காட்டும். 'க்ளிக்' சத்தம் நன்றாகக் கேட்பதால் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், சத்தம் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பட்டையுடையது, தொடுமுனையுடையது இல்லை.

மீட்டர் இல்லையென்றால் பக்கத்துத் திசையின் என்.ஓ. வயரையும் இதையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். கையால் அதே பக்கம் தள்ளும்போது இன்னமும் தவறினால் ஸ்விட்ச்தான் காரணம். தவறுவது இப்போது மற்றப் பக்கத்துக்கு மாறிவிட்டால் ஸ்விட்ச் பாவம், வயரிலோ போர்டிலோ கோளாறு. பல நேரம் ஸ்விட்சின் காலில் செருகியிருக்கும் பித்தளை முனை தளர்ந்திருக்கும், இடுக்கியால் லேசாக நசுக்கிச் செருகினாலே முடிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திசைகள் செத்தால் ஸ்விட்சுகளைத் தொடவே வேண்டாம், எல்லாவற்றையும் கோத்துப் போகும் கிரவுண்ட் வயர் எங்கே விட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, ஸ்விட்ச்தான் என்று உறுதியாகிவிட்டது. வாங்கும்போது பலரும் ஆம்பியர் அதிகமாக இருப்பதைத் தேடிப் போகிறார்கள். இங்கே அது தலைகீழ். பெரிய சுமைக்கான வெள்ளித் தொடுமுனைகளில் படியும் மெல்லிய படலத்தை அந்தப் பெரிய மின்னோட்டத்தின் பொறியே எரித்துச் சுத்தம் செய்துவிடும். ஜாய்ஸ்டிக்கில் ஓடுவதோ 5 வோல்ட் அல்லது அதற்கும் கீழே, சில மில்லியாம்பியர், அதனால் படலம் அப்படியே தங்கி 'சில நேரம் வேலை செய்யும்' நோய் வருகிறது. 0.1 ஆம்பியர் என்று போட்ட, தங்கப் பூச்சுத் தொடுமுனை உள்ளது கிடைத்தால் அதை எடுங்கள். அப்புறம் அளவும், மேலே உலோகப் பட்டை உண்டா இல்லையா என்பதும், அழுத்த எத்தனை கிராம் விசை என்பதும் பழையதோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு திசை மட்டும் கைக்கு வேறு மாதிரி இருக்கும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதானே, நான் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுவேன்.

கழற்றும் முன் வயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்டின் அடியில் இருக்கும் ஈ வடிவ கிளிப்பைக் கழற்ற நேர்ந்தால் ஒளி புகும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள், அது பறந்தால் அறையின் எந்த மூலையில் விழும் என்று சொல்லவே முடியாது. சான்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். போன்ற ஜாய்ஸ்டிக்குகளில் நான்கு ஸ்விட்சுகளும் ஒரே போர்டில் சால்டர் செய்யப்பட்டு ஐந்து வயர் இணைப்போடு வரும். சால்டரிங் பழக்கமில்லை என்றால் அந்தப் போர்டையே மொத்தமாக மாற்றிவிடலாம்.

மாட்டிய பிறகு மூலைத் திசைகளையும் சோதித்துப் பாருங்கள். ஸ்விட்ச் புதிதாக இருந்தும் மூலையில் மட்டும் தவறினால், தண்டின் கீழ்முனையில் ஸ்விட்சுகளை அழுத்தும் அந்த பிளாஸ்டிக் உருளை தேய்ந்திருக்கும், அதை மாற்ற வேண்டியதுதான்.