ஷிப்ட் முடிந்து வந்த கௌபாய்கள்

கேள்வி: டெக்சாஸில் இருந்த ஒரு பார் அமெரிக்காவின் உடையையும் பாட்டையும் மாற்றிவிட்டதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். குடித்துவிட்டு அடித்துக்கொள்கிற இடத்துக்கு இத்தனை பெருமையா? மாற்றியது சினிமாதானே?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: வரிசையை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். முதலில் பார், அப்புறம் பத்திரிகை, அதற்கும் அப்புறம்தான் சினிமா.

ஹூஸ்டனை ஒட்டிய பாசடீனா, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஊர். அங்கே 1971-இல் ஷெர்வுட் கிரையர் என்பவர், பாடகர் மிக்கி கில்லியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 'கில்லிஸ்' பாரைத் தொடங்கினார். பகல் முழுக்க ஹெல்மெட்டோடு குழாய்களுக்கு நடுவே நின்றவர்கள், ஷிப்ட் முடிந்ததும் கௌபாய் தொப்பியை மாட்டிக்கொண்டு அங்கே வந்தார்கள். மாட்டுப் பண்ணையையே பார்த்திராத பலருக்கு அந்தத் தொப்பிதான் ஒரே கம்பீரம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

அங்கே ஓர் எந்திரக் காளை இருந்தது. துள்ளும் காளை மேல் விழாமல் தாக்குப்பிடிக்கிற 'ரோடியோ' போட்டி வீரர்கள் பழகுவதற்காக உருவான கருவி அது. தோல் போர்த்திய பீப்பாய் மாதிரி உடம்பு, கீழே மோட்டார், சுற்றிலும் மெத்தை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை உயரத் தூக்கியபடி உட்கார வேண்டும். காளை எவ்வளவு துள்ளும் என்பது, ஓரமாக நின்று விசையை இயக்குபவர் கையில்.

அந்த பாரில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு பிரிந்த ஒரு ஜோடியைப் பற்றி 1978-இல் 'எஸ்குயர்' இதழில் ஆரன் லேதம் எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் 1980-இல் வெளியான 'அர்பன் கௌபாய்'. ஜான் டிரவோல்டாவும் டெப்ரா விங்கரும் நடித்தார்கள். படப்பிடிப்பு அந்த பாருக்குள்ளேயே நடந்தது. கதையில், காளை மேல் ஏறக் கூடாது என்கிறான் கணவன். அவன் வேலைக்குப் போன நேரத்தில் அவள் போய்ப் பழகுகிறாள். வீட்டில் அவளுக்கு அறை விழுகிறது.

படம் வந்ததும் மாடே இல்லாத நகரங்களில் பூட்ஸும் தொப்பியும் விற்றன. படத்தில் இடம்பெற்ற ஜானி லீயின் பாட்டும் கில்லியின் பாட்டும் 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க கிராமிய இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஊர் ஊராக பார்களில் எந்திரக் காளை வந்து உட்கார்ந்தது. ஆனால் கடைக்காரர்கள் விற்றது தொப்பியைத்தான். அவள் வாங்கிய அந்த அறையைப் பற்றி, ஏறக் கூடாது என்று சொல்லியும் ஏறிய அந்தப் பெண்ணைப் பற்றி யார் பேசினார்கள்? எனக்குப் படத்தில் மிஞ்சி நிற்பது அவள்தான். அவளைச் சினிமா தானாகக் கற்பனை செய்துவிடவில்லை. லேதம் எழுதிய ஜோடியிலும் காளை மேல் நன்றாகத் தாக்குப்பிடித்தவள் மனைவிதான்.

பெருமை என்று நான் எழுதவில்லை, பாதிப்பு என்றுதான் எழுதினேன். அந்த பாருக்குப் பெருமையும் நிலைக்கவில்லை. கூட்டாளிகள் இருவரும் பணத்துக்காக நீதிமன்றம் போனார்கள். 1989-இல் கதவு மூடியது. மறு வருஷம் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. படம் வந்து அப்போது பத்தே வருஷம்.