"நித்திய" என்ற சொல் நின்ற இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை மறுத்த கிறிஸ்தவச் சிந்தனையாளர்களைப் பற்றிச் சென்ற கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சபையிலேயே வளர்ந்த எனக்கு அது உறுத்தியது. திரித்துவத்தை மறுத்தபின் ஒருவரை எப்படிக் கிறிஸ்தவர் என்பது? அவர்கள் அவிசுவாசிகள்தானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவிசுவாசிகள் அல்லர் என்பதே என் உறுதியான எண்ணம். அவர்களில் பலரை மறுப்புக்குக் கொண்டுசென்றது வேதத்தின் மீதான பற்றுதான்.

ஸ்பெயினில் பிறந்த மிகேல் செர்வெத்து, திரித்துவக் கோட்பாட்டின் பிழைகள் என்று தாம் கருதியவற்றை 1531இல் நூலாக வெளியிட்டபோது அவருக்கு இருபது வயதளவே இருக்கும். திரித்துவம் என்ற சொல்லோ, அதை விளக்கப் பிற்காலத்தார் கையாண்ட தத்துவச் சொற்களோ வேதத்தில் இல்லை என்பது அவர் வாதம். பிறகு பெயரை மாற்றிக்கொண்டு பிரான்சில் மருத்துவராக வாழ்ந்தார். இரத்தம் இதயத்திலிருந்து நுரையீரல் வழியாகச் சென்று திரும்புவதை அவர் விவரித்ததும் 1553இல் வெளியான ஓர் இறையியல் நூலில்தான். உடலையும் வேதத்தையும் அவர் ஒரே தேடலாகவே கண்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று, சீர்திருத்தத் தலைவர் கால்வினின் ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். குமாரனாகிய இயேசுவை நித்தியர், அதாவது தொடக்கமும் முடிவும் இல்லாதவர், என்று அறிக்கையிடும்படி, உடன்சென்ற போதகர் ஃபாரெல் அவரை வற்புறுத்தினார். நெருப்பிலிருந்து அவர் எழுப்பிய குரலோ, "இயேசுவே, நித்திய தேவனின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்பது. "தேவனின் நித்திய குமாரனே" என்று அந்த ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்ல, சாகும் வேளையிலும் அவருக்கு மனம் வரவில்லை. அந்த மன்றாட்டை அவிசுவாசியின் குரல் என்று என்னால் எண்ண முடியவில்லை, சகோதரி.

இன்னொன்றையும் நீங்களே பார்க்கலாம். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 5:7, பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்கிறது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அவ்வசனம் இல்லாததால், புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் தம் பதிப்பில் 1516இலும் 1519இலும் அதை விட்டுவிட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 1522இல்தான் சேர்த்தார். அது இடைச்செருகல் என்று ஐசக் நியூட்டன் 1690இல் விரிவாக எழுதினார். எனினும் தம் வாழ்நாளில் அவர் அதை அச்சிடவில்லை, 1754இல்தான் வெளிவந்தது. திருச்சபை திரித்துவத்துக்கு இந்த ஒரு வசனத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19 போன்றவையும் உண்டு. ஆனால் உங்கள் வீட்டு வேதாகமத்தையும் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் அருகருகே வைத்து அவ்விடத்தைப் படித்துப் பாருங்கள். செர்வெத்துவும் நியூட்டனும் எதை எண்ணி உறக்கம் இழந்தார்கள் என்பது விளங்கும்.

அன்புடன்,
ஆசிரியர்