நோய் இல்லை என்றால் ஆரோக்கியமாக இருக்கிறோம் என்று அர்த்தமா?

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் சாசனம், நோயில்லாமல் இருப்பது மட்டும் போதாது, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றிலும் முழு நலத்தோடு இருப்பதே ஆரோக்கியம் என்கிறது. இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் நம்மில் யாருமே தேற மாட்டோம். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, வேலை பார்த்து, நாலு பேரோடு சிரித்துப் பேசி வாழ்கிறவரை ஆரோக்கியம் இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே சமயம், உடம்பில் தொந்தரவு எதுவும் தெரியவில்லை என்று அசந்துவிடவும் கூடாது. உயர் ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தலைசுற்றல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அளந்தால்தான் தெரியும். 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, எப்படிக் காப்பது? வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். புகையிலை வேண்டவே வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது தூக்கத்தைத்தான். வயது வந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தேவை. தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது, இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் மனம் போகிறது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிப்பவர்கள் முதலில் படுக்கும் நேரத்தைச் சரிசெய்து பார்க்கலாம். அப்புறம் மனம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் சோர்வாகவே இருந்தால், காய்ச்சலுக்குப் போவது போலவே கூச்சப்படாமல் மருத்துவரிடம் போங்கள்.