குளிரிலும் வியர்க்கிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 48. ஒரு வருடமாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. இந்த ஜூலைக் குளிரிலும் நடு இரவில் உடம்பு குப்பென்று சூடாகி, நைட்டி நனைந்துவிடுகிறது. "சூட்டு உடம்பு, வெந்தயம் ஊறவைத்துக் குடி" என்கிறார் மாமியார். ஈஸ்ட்ரோஜன் குறைகிறது என்கிறாள் பதினாறு வயது மகள். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வருமாமே?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: மகள் சொல்வதுதான் சரி. உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி மூளையில் இருக்கிறது. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும், மாதவிடாய் நிற்கப்போகும் இந்த வயதில் அந்தப் பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறி, வியர்வையைத் திறந்துவிடுகிறது. வெந்தயத் தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை, மாமியாரோடு சண்டை வேண்டாம். ஆனால் சினைப்பையின் வேலையை வெந்தயம் செய்யாது.

எனக்குக் கவலை வியர்வை அல்ல. அது தொந்தரவு கொடுப்பதால்தானே எனக்குக் கடிதம் எழுதினீர்கள்? எலும்பும் இதயமும் அப்படிச் சொல்லிக்கொண்டு கெடுவதில்லை. பூப்படைந்த நாளிலிருந்து எலும்பைக் கட்டிக் காத்தது இதே ஈஸ்ட்ரோஜன்தான். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடங்களில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். டின் மீன் கறி வைக்கும்போது முள்ளை எடுத்து எறிகிறீர்களா? மெத்தென்று வெந்திருக்கும் அந்த முள்ளில்தான் கால்சியம் இருக்கிறது. மகள் தட்டிலும் போடுங்கள், அவளுக்கு எலும்பு உறுதிப்படுகிற வயது.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கெட்ட கொழுப்பும் ஏறும். நம் தென்னாப்பிரிக்க இந்தியக் குடும்பங்களில் சர்க்கரையும் மாரடைப்பும் ஏற்கனவே அதிகம். அதனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். தைராய்டு கோளாறும் இப்படி வியர்க்க வைக்கும், அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். அந்தப் பயம் கிளம்பியது 2002இல். அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில், இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டுப் பேர் அளவில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. ஆய்வை நடுவில் நிறுத்திவிட்டார்கள். செய்தி உலகமெல்லாம் பரவியது. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது யார் காதிலும் விழவில்லை. அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்கவே வேண்டாம்.

அப்புறம், தாறுமாறாக வந்தாலும் கரு தங்கலாம். ஐம்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றால், அதன் பிறகும் இரண்டு வருடம் கருத்தடை தேவை. முழுதாக நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "திரும்ப வந்துவிட்டது போல" என்று இருந்துவிடாமல் அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.