சம்பளமும் ஏற்றுமதியில், சேமிப்பும் ஏற்றுமதியில்: வரி உயர்ந்த நேரத்தில் பங்கை என்ன செய்வது?

கேள்வி (செப்டம்பர் 2025): திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு ஆர்டரைக் கவனித்து முடித்துக்கொடுப்பவராக) இருக்கிறேன். கணவருக்கும் பனியன் கம்பெனியில்தான் வேலை. 2024 ஜனவரியில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் பங்குகளை 5 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். இன்று மதிப்பு 3.2 லட்சம். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (நாட்டின் 50 பெரிய நிறுவனங்களில் பரவலாக முதலிடும் ஃபண்ட்) 4.8 லட்சமும் வங்கியில் 1 லட்சமும் இருக்கின்றன. வீட்டுச் செலவு மாதம் 35,000, வீட்டுக் கடன் தவணை 14,000. அமெரிக்க வரி குறைந்தால் பங்கு ஏறும் என்கிறார்கள். இன்னும் வாங்கி சராசரி விலையைக் குறைக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இருப்பதிலும் முக்கால் பங்கை விற்றுவிடுங்கள். நிறுவனம் நல்லதா கெட்டதா என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். உங்கள் சம்பளம், கணவர் சம்பளம், இந்தப் பங்கு மூன்றும் ஒரே நாட்டின் ஆர்டரை நம்பி நிற்கின்றன. ஆர்டர் நின்றால் முதலில் ஓவர்டைம் போகும், பிறகு ஷிப்ட் குறையும். பங்கும் அதே நாட்களில்தான் விழும். தவணை கட்டுவதற்காக அடிமட்ட விலையில் விற்க வேண்டிவரும்.

வரியின் கணக்கைப் பாருங்கள். 4 டாலர் எஃப்.ஓ.பி. விலையுள்ள (நம் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையிலான விலை) பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரி 16.5 சதவீதம். அது வங்கதேசத்துக்கும் உண்டு. அதற்கு மேல் இந்தியாவுக்கு 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக, ஒரு பீஸுக்குக் கூடுதல் வரி 2 டாலர். வங்கதேசத்துக்குக் கூடுதல் 20 சதவீதம், அதாவது 80 சென்ட். வித்தியாசம் 1.20 டாலர். பத்து சதவீத லாபத்தில் ஓடும் கம்பெனி தன் லாபம் முழுவதையும் பையருக்கு (சரக்கை வாங்கும் அமெரிக்க நிறுவனத்துக்கு) விட்டுக்கொடுத்தாலும் 40 சென்ட்தான் தர முடியும்.

இரண்டாவது 25 சதவீதம் கச்சா எண்ணெய்க்காகப் போட்ட வரி என்பதால், அது எப்போது போகும் என்பது தையல் தரத்தையோ நிர்வாகத்தையோ பொறுத்ததல்ல. 2025 ஏப்ரல் 9 அன்று அமெரிக்கா வரியை 90 நாள் தள்ளிவைத்தபோது அங்குள்ள பங்குச் சந்தைக் குறியீடான எஸ்&பி 500 ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. அப்படியொரு நாள் உங்கள் பங்குக்கும் வரலாம். ஆனால் பையர் ஒரு சீசன் ஆர்டரை வங்கதேசத்துக்கு மாற்றிவிட்டால், வரி குறைந்த மறுநாளே அது திரும்பி வராது.

பங்கில் 2.4 லட்சத்துக்கு விற்க வேண்டும். இந்த வாரமே பாதியை, அதாவது 1.2 லட்சத்துக்கு விற்றுவிடுங்கள். மீதியை அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று என இரண்டு தவணையாக விற்கலாம். விலை ஏறட்டும் என்று காத்திருக்காமல் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். கிடைக்கும் பணத்தை வங்கி டெபாசிட்டில் போடுங்கள். மாதம் 49,000 செலவுக்கு, ஏற்கெனவே உள்ள 1 லட்சத்தோடு சேர்த்து ஏறக்குறைய ஏழு மாதம் தாங்கும். இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடவேண்டாம். நிஃப்டி 50-இல் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுகூட இல்லை.

மிச்சமிருக்கும் 80,000 ரூபாய்ப் பங்கை வைத்திருப்பதா என்று முடிவெடுக்க, ஆண்டறிக்கையில் 'செக்மென்ட்' குறிப்பைத் தேடுங்கள். வருமானம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கும் தனி வாடிக்கையாளர் உண்டா என்பது அங்கே இருக்கும். இந்தியாவுக்கு வெளியே தொழிற்சாலை இருந்தால் பாதிப்பு குறையும். வர வேண்டிய பாக்கியின் நாட்கள் நீள்கின்றனவா என்றும் பாருங்கள். நெருக்கடியில் பையர் முதலில் இழுத்தடிப்பது பணத்தைத்தான்.

செப்டம்பர் காலாண்டு முடிவு நன்றாக இருந்தால் அதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி செப்டம்பர் 17-க்கு முன் அங்கே இறக்குமதியாகும் சரக்குக்கு இரண்டாவது 25 சதவீதம் இல்லை. அதனால் பலர் ஷிப்மென்ட்டை முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். உண்மை நிலவரம் டிசம்பர் காலாண்டில்தான் தெரியும்.

விற்பதில் ஏறத்தாழ 1.35 லட்சம் நீண்டகால மூலதன நஷ்டம் (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்பதில் வரும் நஷ்டம்) வரும். அதை நீண்டகால லாபத்தோடு மட்டுமே கழிக்கலாம், எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம். அதற்கு வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். இதே நிதியாண்டில் ஃபண்டை விற்று லாபம் எடுத்தால், 1.25 லட்சம் வரை எப்படியும் வரியில்லாத அந்த லாபத்தில் நஷ்டம் வீணாகக் கழிந்துபோகும். அடுத்த நிதியாண்டில் ஃபண்டை விற்றாலும், முன்னெடுத்த நஷ்டம் முதலில் அந்த லாபத்தில்தான் கழியும். அப்போதும் முன்னெடுத்த நஷ்டத்தைக் கழிப்பது, 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபம் இருக்கும் அளவுக்கே பயனுள்ளது.